கொரியாவின் மரம் நடும் நாள்: விடுமுறைக்குப் பின்னால் நடந்த வேலை

கொரியத் தீபகற்பத்தில் இரண்டு நாடுகள். மரம் நடுவதற்கென்று அரசு குறித்த ஒரு நாள் இரண்டிலும் உண்டு. தெற்கில் அது ஏப்ரல் 5. வடக்கில் பல ஆண்டுகள் மார்ச் 2 ஆக இருந்து, 2022 முதல் மார்ச் 14 ஆனது. இரண்டிலும் தலைவர்கள் மண்வெட்டி பிடிப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் கன்று தூக்குவார்கள், பத்திரிகையில் படம் வரும். மலையும் குளிரும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் தெற்கே மலைகள் அடர்த்தியாகப் பச்சை பிடித்திருக்கின்றன. வடக்கே பல மாகாணங்களில் சரிவுகள் உச்சிவரை பழுப்பாகக் கிடக்கின்றன.

விழா இரண்டு பக்கமும் இருந்தது. காடு ஒரு பக்கம்தான் வந்தது. மரம் நடு விழாக்களைப் பற்றி எழுத இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனால் தென்கொரியாவின் சிங்மோகில், அதாவது மரம் நடும் நாள், எப்படிப் பிறந்தது, எப்படிக் கொண்டாடப்பட்டது, அந்த நாளுக்கு வெளியே என்ன வேலை நடந்தது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

தேதிக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. சில்லா அரசு சீனத்தின் டாங் படையை விரட்டித் தீபகற்பத்தின் பெரும்பகுதியை ஒன்றாக்கிய நாள் என்று ஒரு கணக்கு. 1493-இல் சோசன் என்ற அரசமரபின் மன்னர் சொங்ஜோங், தலைநகரின் கிழக்கு வாயிலுக்கு வெளியே சொன்னோங்தான் என்ற பலிமேடையில் உழவுத் தெய்வத்துக்குப் படையலிட்டு, பக்கத்து வயலில் தானே ஏர் பிடித்த நாள் என்று இன்னொன்று. கடைசி மன்னர் சுன்ஜோங் 1910-இல் அதே இடத்தில் ஏர் ஓட்டியதோடு தன் கையால் மரமும் நட்டார். அதே ஆண்டில் நாடு ஜப்பானின் கைக்குப் போய்விட்டது.

காலனி அரசு 1911 முதல் ஏப்ரல் 3-ஐ மரம் நடும் நாளாக வைத்தது. அது ஜப்பானின் முதல் பேரரசராகச் சொல்லப்படும் ஜின்முவின் நினைவு நாள். மரம் நடுவதற்கு ஒரு நாள் என்ற எண்ணம் ஜப்பானுக்கே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1872 ஏப்ரல் 10 அன்று நெப்ராஸ்காவில் ஸ்டெர்லிங் மார்ட்டன் தொடங்கிவைத்த வழக்கத்தைப் பள்ளிகள் வழியாகப் பரப்பியவர் பேர்ட்ஸி நார்த்ரப் என்ற கல்வியாளர். அவரே ஜப்பானுக்குப் போய் அதைப் பேசினார். விடுதலைக்குப் பிறகு 1946-இல், அமெரிக்கப் படை நிர்வாகத்தின் காலத்தில், தேதி ஏப்ரல் 5-க்கு மாறியது. 1949-இல் அரசு விடுமுறையானது. ஜின்முவின் நாளைத் தள்ளிவிட்டுத் தங்கள் மன்னர்கள் ஏர் பிடித்த நாளை வைத்துக்கொண்டதில் ஒரு தன்மானம் இருந்திருக்கிறது.

அந்தத் தேதியை ஒட்டியே இன்னொரு நாளும் வரும். ஹான்சிக் என்ற பழைய நோன்பு நாள். அன்று அடுப்பு மூட்டாமல் ஆறிய உணவு சாப்பிட்டு, முன்னோர் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, மண் அணைத்து, பக்கத்தில் ஒரு கன்று வைத்துவிட்டு வருவது வழக்கம். கல்லறைகள் பெரும்பாலும் மலைச்சரிவில்தான். ஆக, ஏப்ரல் முதல் வாரத்தில் மலைக்குப் போவதும் அங்கே எதையாவது நடுவதும் மக்களுக்கு ஏற்கெனவே பழக்கம். புதிதாக அறிவித்த ஒரு விடுமுறை ஊரில் ஒட்டிக்கொண்டதற்கு மன்னர் கதைகளைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் 1949-இல் விடுமுறை விட்டதால் மலை பச்சையாகிவிடவில்லை. அடுத்த ஆண்டே போர் வந்தது. மூன்று ஆண்டுச் சண்டை முடிந்தபோது தென்கொரியக் காடுகளில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 6 கன மீட்டர் மரம்கூட இல்லை. இன்று அது 165 கன மீட்டரைத் தாண்டிவிட்டது. அந்த 6 என்பது எவ்வளவு குறைவு என்றால், ஒரு நடுத்தரக் காட்டில் பத்துப் பதினைந்து பெரிய மரத்திலேயே அவ்வளவு கட்டை கிடைத்துவிடும்.

போர் மட்டும் செய்த வேலை இல்லை இது. கொரிய வீடுகளில் ஒண்டோல் என்ற சூடேற்றும் முறை உண்டு. அடுப்பில் எரியும் தீயின் புகையும் அனலும் கல் தரைக்குக் கீழே கால்வாய் மாதிரி ஓடி மறுபக்கம் வெளியேறும். தரை சூடாகும், அதன் மேலேயே படுத்துக்கொள்வார்கள். குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிந்தாக வேண்டும். சோசன் காலத்தின் பிற்பகுதியில் இது எளியவர் வீடுகளுக்கும் பரவியது, மக்கள்தொகையும் கூடியது. முதலில் மரம் போயிற்று. அப்புறம் புதர். அதற்கும் அப்புறம் மூங்கில் வாரியால் மலையின் சருகையும் பைன் ஊசியிலைகளையும் வாரிக்கொண்டு போனார்கள். சருகு போன மலையில் மண் நிற்காது. கோடை மழைக்குச் செம்மண் கரைந்து ஓடையில் இறங்கும், ஓடைப் படுகை மேடாகும், வெள்ளம் வயலுக்குள் வரும். வயல் போனவர் மலையில் நெருப்பு வைத்துப் புனம் திருத்துவார். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போனது.

இந்த நிலையில் ஆண்டுக்கு ஒரு நாள் கன்று வைத்தால் என்ன ஆகும்? ஏப்ரலில் நட்ட கன்று டிசம்பரில் அடுப்புக்குள் இருக்கும். 1950-களில் பெரும்பாலும் அதுதான் நடந்தது. மரம் நடும் நாளின் மதிப்பும் ஆடிக்கொண்டே இருந்தது. 1960-இல் அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, மார்ச் 15-ஐ மண்ணரிப்புத் தடுப்பு நாளாக வைத்தது. மறு ஆண்டே பழைய நாள் திரும்பி வந்தது.

மாற்றம் அடுப்பிலிருந்து தொடங்கியது. 1950-களின் கடைசியில் சியோல் உள்ளிட்ட பெரிய நகரங்களுக்குள் விறகு கொண்டுவரத் தடை வந்தது. கிழக்கே காங்வொன் மலைகளின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் இறங்கியது. அதைப் பொடித்து, களி மாதிரி பிசைந்து, அச்சில் அழுத்தி உருளைக் கட்டிகளாகச் செய்தார்கள். ஒவ்வொரு கட்டியிலும் மேலிருந்து கீழாகத் துளைகள். பத்தொன்பது துளை, பிறகு இருபத்திரண்டு துளை. அடுப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக, துளைக்கு நேர் துளை வைத்து அடுக்க வேண்டும். கீழ்க்கட்டி சாம்பலாகும் நேரத்தில் இடுக்கியால் எடுத்துவிட்டு மேலே புதுக்கட்டி வைக்க வேண்டும். நடு இரவில் எழுந்து இதைச் செய்வது பல வீடுகளில் அம்மாவின் வேலை. தரையில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். குளிர்காலந்தோறும் தூக்கத்திலேயே பலர் இறந்தார்கள். தென்கொரியக் காடுகளின் கதையைச் சொல்லும்போது இந்தச் சாவுகளைக் கடந்துபோகக் கூடாது. விறகுக்குப் பதிலாக வந்தது மலிவாகவும் இருந்தது, ஆளையும் கொன்றது. ஆனால் அது வராமல் மலையில் ஒரு கன்றும் தப்பியிருக்காது.

கிராமங்களுக்கு நிலக்கரி மெதுவாகத்தான் போனது. அங்கே விறகுக்கென்றே தனித் தோப்புகள் போட்டார்கள். வேகமாக வளரும், வெட்டினாலும் மறுபடி தழைக்கும் மரங்கள், குறிப்பாகச் சீமைக் கருவேலத்தின் தூரத்து உறவான முள் அகாசியா எனப்படும் ராபினியா. அடுப்புக்கு ஒரு தோப்பு, மலைக்கு ஒரு காடு என்று பிரித்ததுதான் இந்தத் திட்டத்தின் அறிவான முதல் அடி.

அடுத்தது 1973. அதிபர் பார்க் சுங் ஹீயின் அரசு பத்தாண்டு வனச் சீரமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 10 இலட்சம் ஹெக்டேர் நட வேண்டும் என்பது இலக்கு. வனத்துறையை வேளாண் அமைச்சகத்திடமிருந்து எடுத்து உள்துறையின் கீழ் வைத்தார்கள். உள்துறையின் கையில்தான் காவல்துறையும் மாகாண, மாவட்ட நிர்வாகமும் இருந்தன. துறையின் தலைமைக்கு வந்தவர் சொன் சூ இக், அதற்கு முன் க்யோங்கி மாகாண ஆளுநர். ஏப்ரல் 5 என்ற ஒற்றை நாள் போதாது என்று மார்ச் 21 முதல் ஏப்ரல் 20 வரை ஒரு மாதத்தை மக்கள் நடவுக் காலமாக ஆக்கினார்கள். விழா நாள் அந்த மாதத்தின் நடுவில் வந்தது.

கன்று எங்கிருந்து வரும்? அரசு நாற்றங்கால்கள் மட்டும் இதற்குப் போதாது. கிராமங்களையே நாற்றங்கால் போடச் சொன்னார்கள். அப்போது புதிய கிராம இயக்கம் என்ற அரசின் ஊர் மேம்பாட்டுத் திட்டம் வேகமெடுத்திருந்த காலம், ஊர்க் கூட்டம் கூடுவதும் பொதுவேலைக்கு ஆள் சேர்வதும் எளிதாக இருந்தது. ஊரே விதை போட்டு, களை எடுத்து, கன்றாக்கிக் கொடுத்தால் அரசு காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். அதே கன்றை அதே ஊர் மலையில் நடும். பணம் ஊருக்குள் வந்தது. இது பெரிய விஷயம். காட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். தன்னுடையது அல்லாத மலையில் கிராமத்தார் ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் இருந்த வனக் கூட்டுறவுக்கு விறகும் புல்லும் பிற்காலப் பலனில் ஒரு பங்கும் என்று ஏற்பாடு வந்தது. பலர் சாப்பாட்டுக்கும் விற்பனைக்கும் ஆகும் செஸ்ட்நட் மரங்களை ஆசையோடு வைத்தார்கள்.

நடும் முறையைப் பார்த்தால் அதில் எவ்வளவு கவனம் இருந்தது என்று தெரியும். ஒன்று அல்லது இரண்டு வயதுக் கன்று, வேரில் மண் இருக்காது. வேர் காயாமல் ஈரத்தில் வைத்தே மலைக்கு ஏற்ற வேண்டும். குழி வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை இன்னொரு பக்கம் போட வேண்டும். கன்றை வைத்து முதலில் மேல்மண்ணைப் போட்டு, குழி முக்கால்வாசி நிரம்பியதும் கன்றைப் பிடித்து இலேசாக மேலே இழுக்க வேண்டும். மடங்கிக் கிடக்கும் வேர் அப்போதுதான் நேராகும். பிறகு மீதி மண், காலால் நன்றாக மிதி, மேலே சருகு மூடாக்கு. ஹெக்டேருக்கு 3,000 கன்று என்பது பொதுவான கணக்கு. அலுவலகக்காரர்கள், சிப்பாய்கள், பள்ளி மாணவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள்.

மாணவர்களின் வேலை அன்றோடு முடியாது. பைன் மரங்களைக் கம்பளிப்புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. பள்ளிகள் பிள்ளைகளை வரிசையாக மலைக்குக் கூட்டிப்போகும். ஆளுக்கு ஒரு குச்சி ஜோடி, ஒரு தகர டப்பா. சாப்பாட்டுக் குச்சியால் சோறு எடுப்பது போலப் புழுவை எடுத்து டப்பாவில் போட வேண்டும். புல் விதை சேகரித்து வருவதும் பள்ளிக் கடமையாக இருந்தது. மொட்டைச் சரிவில் தூவ அது வேண்டும். இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் கொரியர்களுக்கு மரம் நடும் நாள் என்றால் விழா மேடையைவிட இந்தப் புழுக்களே நினைவில் நிற்கும்.

திட்டத்தின் உயிர் எது என்று கேட்டால் கணக்குச் சரிபார்ப்பைத்தான் சொல்வேன். மரம் நடும் விழாக்களின் பெரிய நோய் பொய்க் கணக்கு. நட்டதை எண்ணுவார்கள், பிழைத்ததை எண்ண மாட்டார்கள். இங்கே வசந்தத்தில் நட்டபின் ஒரு சோதனை, பிடித்துக்கொண்டதா என்று இலையுதிர் காலத்தில் இன்னொரு சோதனை. சோதிக்க வருவது உள்ளூர் அதிகாரி அல்ல. ஒரு மாகாணத்தின் நடவை வேறு மாகாணத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். நம் கணக்கை அவன் பார்க்கிறான், அவன் கணக்கை நாம் பார்க்கப்போகிறோம். தாளில் மட்டும் மரம் வளர்ப்பது இதனால் கடினமானது. பத்தாண்டு இலக்கு ஆறே ஆண்டில், 1978-இல் எட்டப்பட்டது. அடுத்த திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது.

இதில் தனியாகச் சொல்ல வேண்டிய இடம் யோங்இல். போஹாங் நகருக்குப் பக்கத்தில் கடலோர மலைகள். அடியில் இருப்பது களிப்பாறை. காய்ந்தால் உதிரும், நனைந்தால் சறுக்கும். காலனிக் காலத்திலிருந்தே பலமுறை நட்டும் எதுவும் நிற்கவில்லை. ஜப்பானிலிருந்து வரும் விமானங்களில் இருப்பவர்கள் கொரியாவில் முதலில் பார்ப்பது அந்தச் செக்கச் சிவந்த மொட்டை மலைகளைத்தான், அது அதிபருக்கே உறுத்தியது என்பார்கள். 1973 முதல் 1977 வரை அங்கே 4,538 ஹெக்டேரில் வேலை நடந்தது. உழைத்த ஆள்நாட்கள் சுமார் 35 இலட்சத்து 50 ஆயிரம். முதலில் மரமே நடவில்லை. சரிவைப் படி படியாக வெட்டினார்கள், கல் அணை கட்டினார்கள், புல்லோடு பெயர்த்த மண்பத்தைகளை வரிசையாகப் பதித்தார்கள். செங்குத்தான இடங்களில் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி குழி வெட்டினார்கள். வேர் பிடிக்க நல்ல மண் இல்லாததால் கீழிருந்து மண்ணை முதுகில் சுமந்து ஏற்றினார்கள். சுமந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். அந்த மலைகள் இன்று காடாக நிற்கின்றன. அந்த வேலையின் நினைவாக அங்கே ஒரு பூங்காவும் இருக்கிறது.

இதையெல்லாம் புகழ்ந்துவிட்டு அடக்குமுறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அது ராணுவ ஆட்சியிலிருந்து வந்த அரசு. 1961 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, கடத்தல், போதைப்பொருள், அடியாள் கூட்டம் ஆகியவற்றோடு ஒன்றாகக் கள்ள மரவெட்டையும் சமூகக் கேடுகளின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஒரு சுமை சுள்ளி பொறுக்கிய ஏழை அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுவார். மலைகளில் ஏறவே தடை இருந்தது. புனம் திருத்திப் பிழைத்த குடும்பங்களை 1970-களில் கீழே இறக்கினார்கள். இழப்பீடும் வேலையும் கிடைத்தவர்கள் உண்டு, எதுவும் ஒட்டாமல் நகர்ப்புறக் குடிசைகளுக்குப் போனவர்களும் உண்டு. பசுமைக்கு விலை கொடுத்தவர்களில் கடைசிப் படியில் இருந்தவர்களே அதிகம். சர்வாதிகாரம் இருந்ததால்தான் காடு வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. வடக்கிலும் கட்டளைக்குக் குறைவில்லை. அங்கே உணவுக்காகச் சரிவுகளை உச்சிவரை படிவயலாக்கினார்கள். 1990-களில் பஞ்சமும் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்தபோது மக்கள் கையில் கிடைத்ததை வெட்டி எரித்தார்கள். அதே காலத்தில் மரம் நடும் நாளும் ஆண்டுதோறும் நடந்துகொண்டுதான் இருந்தது. அடுப்புக்கு மாற்று இல்லை, நட்டவனுக்குப் பங்கு இல்லை, பிழைத்ததை எண்ண வெளியாள் இல்லை.

தெற்கில் இன்னொரு நல்ல வழக்கமும் வந்தது, அதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. 1977-இல் நவம்பர் மாத முதல் சனிக்கிழமையைக் காடு பேணும் நாளாக அறிவித்தார்கள். வசந்தத்தில் நட்டவர்கள் இலையுதிர் காலத்தில் அதே சரிவுக்குத் திரும்பிப் போய், கொடி அறுத்து, உரம் வைத்து, கிளை கழிக்க வேண்டும். இலக்கை நட்ட கன்றிலிருந்து வளர்ந்த மரத்துக்கு நகர்த்திய ஒரு தேதி அது. பின்னாளில் அதன் மதிப்பு தேய்ந்தது. நடும் நாளுக்குக் கிடைத்த விடுமுறையும் கூட்டமும் அதற்குக் கிடைக்கவே இல்லை.

ஏப்ரல் 5-இன் விடுமுறையும் போய்விட்டது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை வந்தபோது விடுமுறைகளைக் குறைக்க வேண்டியிருந்தது. 2006 முதல் சிங்மோகில் நினைவு நாளாக மட்டும் இருக்கிறது. இப்போது அன்றைக்கு நகராட்சிகள் இலவசமாகக் கன்று கொடுக்கின்றன, நிறுவனங்கள் ஊழியர்களை அழைத்துப் போகின்றன, மழலையர் பள்ளிகளில் தொட்டியில் விதை போடுகிறார்கள். மலைகளில் நட இடம் பெரிதாக மிச்சமில்லை. நாட்டின் பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் காடு.

தேதியையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மொட்டு அவிழும் முன், மண் இளகியபின் நட்டால்தான் வேரில் மண் இல்லாத கன்று பிழைக்கும். 1940-களோடு ஒப்பிட்டால் சியோலில் ஏப்ரல் தொடக்கத்தின் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி கூடிவிட்டது. தெற்கு மாகாணங்களில் பிப்ரவரி கடைசியிலேயே நடவு தொடங்கிவிடுகிறது. மார்ச்சுக்கு நகர்த்தலாமா என்று 2021-இல் வனத்துறையே யோசித்தது. தேதி நகரவில்லை. வேலை எப்போதோ நகர்ந்துவிட்டது. வரலாற்றுக்காக ஏப்ரல் 5-ஐ விழாவாக வைத்துக்கொண்டு நடவை மார்ச்சிலேயே முடிப்பதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

உண்மையான சிக்கல் தீ. அவசரத்தில் பச்சை பிடிக்க வைத்த மலைகளில் பைன் அதிகம். பிசின் நிறைந்த மரம், தீப்பந்தம் மாதிரி எரியும். கிழக்குக் கடற்கரையில் வசந்தத்தில் மலையிலிருந்து கடல் நோக்கி வறண்ட காற்று வெறிபிடித்து வீசும். 2005 ஏப்ரல் 4 இரவு யாங்யாங்கில் கிளம்பிய தீ, மறுநாள், மரம் நடும் நாளன்றே, நாக்சான்சா என்ற பழம்பெரும் பௌத்தக் கோயிலை எரித்தது. 1469-இல் வார்த்த வெண்கல மணி உருகிப்போனது. 2025 மார்ச்சில் உய்சொங்கில் தொடங்கிய தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்து, கோஉன்சா கோயிலின் பெரும்பகுதியை அழித்தது. அந்த நாட்டின் பதிவுகளிலேயே பெரிய காட்டுத்தீ அதுதான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உதிரும் மண்ணில் பைனும் ராபினியாவும் தவிர அன்று எது நிற்கும்? ஆனால் முதல் தலைமுறை மரம் மண்ணைப் பிடித்துக் கொடுத்தபின் அடர்த்தியைக் கழித்து, ஓக் மாதிரி அகன்ற இலை மரங்களுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். நவம்பர் நாள் தேய்ந்ததன் விலை இங்கே தெரிகிறது. காட்டுச் சொந்தக்காரர்கள் பலரிடம் இருப்பது சிறு துண்டுகள், அவர்களும் நகரத்தில். கிராமத்தில் மிச்சம் இருப்பவர்கள் முதியவர்கள். கிளை கழிக்க ஆள் இல்லை.

எரிந்த மலையில் மறுபடி நடுவதா, விட்டுவிடுவதா என்பது அங்கே இப்போது சூடான விவாதம். அதற்கு அவர்கள் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 1996-இல் கோசொங்கில் எரிந்த சரிவுகளில் ஒரு பகுதியில் நட்டும், ஒரு பகுதியைத் தொடாமல் விட்டும் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். 2000-இல் கிழக்குக் கடற்கரையில் 23,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது ஏறத்தாழ பாதியை நடாமல் விட்டார்கள். அடிக்கட்டை உயிரோடு இருந்த இடங்களில் ஓக் மரங்கள் தாமாகவே தளிர்த்து, நட்ட பைனைவிடச் சீக்கிரம் மண்ணை மூடிவிட்டன. மண் ஆழமாக வெந்து வேரும் விதையும் செத்துப்போன இடங்களில் மட்டும் ஆள் இறங்க வேண்டியிருந்தது. தீ அணைந்த மறுவாரமே அடிக்கட்டைகளைப் பெயர்த்துக் கன்றுக் குழி வெட்டக் கிளம்பாமல், ஒரு மழைக்காலம் பொறுத்து எது தளிர்க்கிறது என்று பார்த்துவிட்டு, நட வேண்டிய இடங்களைப் பிரிக்கலாம் என்று வன ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் படம் எடுக்க ஒரு மலை வேண்டும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.